எலி கடிக்காத வயர்

என் மேசையின் மேல் இழுப்பறையில், பழைய மூக்குக்கண்ணாடிக்கும் தீர்ந்துபோன மைப்புட்டிக்கும் நடுவே, ஒரு பச்சை வயர்த் துண்டு கிடக்கிறது. இரண்டு முழம் இருக்கும். வளையமாகச் சுருட்டி, ஆபீசில் பத்திரக் கட்டுகளுக்குப் போடும் சிவப்பு நாடாவால் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். மேலே இருக்கும் பச்சை உறை வெயிலில் வெளுத்து, வாழைக்குருத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டு முனையிலும் செம்பு தெரிகிறது. பிய்ந்த முனைகள் அல்ல. ஒரே அழுத்தில் வெட்டுப்பட்ட முனைகள். எட்டு வருஷமாக அது அங்கேதான் இருக்கிறது. பேனா தேடும்போது விரல் அதன்மேல் பட்டுவிட்டால் இன்றைக்கும் இழுப்பறையை உடனே மூடிவிடுகிறேன். போன மாதம் எங்கள் வயர்மேன் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகுதான் இதைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து வைத்துப் பார்க்கும் தைரியம் எனக்கு வந்தது.

மலாக்காவின் காஜா பெராங்கில், வீடுகளுக்கு மின்சார வயர் இழுத்துக்கொடுத்த அவரை எல்லோரும் வயர்மேன் என்றுதான் கூப்பிட்டார்கள். கம்போங் செட்டி என்ற செட்டிக் கிராமத்தில், கோயிலுக்குப் போகும் வழியில் அவருடைய வீடு. அவருடைய முன்னோர் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் தமிழகத்திலிருந்து கப்பலில் வந்து மலாக்காவிலேயே தங்கிவிட்டவர்கள். வீட்டில் அவர்கள் பேசுவது மலாய். கோயிலில் நெற்றி நிறையத் திருநீறு. வாசலுக்கு வந்ததும் மறுபடி மலாய். எனக்கும் மலாய் தெரியும், அதிலேயே பேசலாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “தமிழ்க்காரன் வீட்டுல நான் மலாய் பேசினா, என் தாத்தா எந்திரிச்சி வாரான், கிராணி” என்பார். அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் ஐம்பது இருந்தால் அதிகம். அந்த ஐம்பதையும் வைத்துக்கொண்டு, இடைவெளிகளில் மலாயைப் போட்டு நிரப்பி, உலகத்திலுள்ள எல்லாவற்றையும் பேசிவிடுவார். அவருடைய தமிழில் நானும் வாரான், என் மனைவியும் வாரான், மழையும் வாரான். என் மகள் அப்போது ஏழு வயதுக்காரி. அவர் போன பிறகு அதேபோல் பேசிக் காட்டி எங்களைச் சிரிக்க வைப்பாள். அவருடைய வாயில் தமிழைக் கேட்பது எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், ஏனோ இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்றும் இருக்கும்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது, நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னால். நான் நிலப் பத்திரங்களைப் பதியும் ஆபீசில் கிராணி, குமாஸ்தா. எங்களுடையது பலகை வீடு. அடுப்படி வீட்டுக்குள்ளேயே இருந்தது. விறகுப் புகை மகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விடிந்தால் இளைப்பு. அவளுடைய சின்ன விலா எலும்புகள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே என் காலை வேலையாக இருந்தது. அவளுக்கு முன் பிறந்த ஒன்று எங்களுக்குத் தங்கவில்லை. அதனால் நான் எதற்கும் பயந்தவன். சாதாரண இருமலுக்கே எழுந்து நிற்பவன். டாக்டர் சொன்னதன் பேரில் அடுப்படியைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றுவது என்று முடிவு செய்தேன். தகரக் கூரை, இடுப்பு உயரச் சுவர், சிமெண்ட் தரை, நாலு பக்கமும் காற்று. அந்தச் சமயம் பார்த்து எங்கள் ஆபீஸ் துரை மூட்டை கட்டினார். துரைமார் பலர் அப்போது ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நாய்க்குட்டியைக் கொடுத்தார், ஒருவர் பூந்தொட்டியைக் கொடுத்தார். எங்கள் துரை என்னைக் கூப்பிட்டு ஒரு மின்சாரக் கெட்டிலைக் கையில் வைத்தார். பளபளவென்று வயிறு பெருத்த கெட்டில். புகையில்லாமல் மகளுக்கு வெந்நீர் கிடைக்கும் என்று நினைத்தபோது, ஒரு சாம்ராஜ்யம் எனக்கென்று விட்டுப்போன ஒரே பொருள் அது என்றுகூடத் தோன்றியது.

கெட்டிலைத் தூக்கிப் பார்த்த வயர்மேன், அதன் மூன்று கால் பிளக்கைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்து, “லூ உக்காரு, கிராணி. தங்கச்சி சமைக்கட்டும். நான் பாக்கிறான்” என்றார். ‘லூ’ என்றால் நீ. நான் நினைத்தது, வருவார், ஆணியடிப்பார், வயரை இழுப்பார், போவார் என்று. அவரோ முதல் நாள் பையைத் திறக்கவே இல்லை. கொய்யா மரத்தடியில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, என் மனைவி சமைப்பதைக் காலை முழுவதும் பார்த்தார். எந்தக் கையால் குழாயைத் திறக்கிறாள், எங்கே நின்று அரிசி களைகிறாள், ஈரக் கையை எதில் துடைக்கிறாள், குழந்தை எந்தப் பக்கமிருந்து ஓடி வருகிறது, எல்லாவற்றையும் பார்த்தார். என் மனைவிக்கு முதலில் கூச்சம், பிறகு எரிச்சல். “வயர் போட வந்தாரா, மாமியார் மாதிரி குத்தம் பாக்க வந்தாரா?” என்று என் காதில் கடித்தாள். அவர் காதிலும் அது விழுந்துவிட்டது. “தங்கச்சி, கறி நல்ல வாசம்” என்றார், அவ்வளவுதான். அன்று மதியம் அவருக்கும் சேர்த்து இலை போட்டாள்.

இரண்டாவது முறை அவர் வந்தது கொட்டும் மழையில். சைக்கிளில், தலையில் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்தார். இந்த மழையில் என்ன வேலை என்று கேட்டேன். மழையைப் பார்க்கத்தான் வந்தேன் என்று கையால் காட்டினார். சாரல் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது, தரையில் எதுவரைக்கும் நனைகிறது என்று குனிந்து பார்த்து, அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, ஈரத்துக்கும் உலர்ந்த தரைக்கும் நடுவே கோணல்மாணலாக ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீருக்கு, இந்தப் பக்கம் கரண்டுக்கு. அடுப்படியை நான் ஆபீஸ் தாளில் அளவுகோல் வைத்து அழகாக வரைந்து வைத்திருந்தேன். அதில் பிளக் இருந்த இடம் நன்றாக நனைகிற இடமாகப் போய்விட்டது. அவர் என் தாளை மடித்து மரியாதையாகத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். 

இன்னும் ஒரு நாள், ஒரு சணல் கயிற்றைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, தங்கச்சி இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு அகலம் என்று அளந்து சொல்லச் சொன்னார். அவர் மரியாதையாகக் கொய்யா மரத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். என் மனைவி கைகளை விரித்தபடி, “ரவிக்கைக்கா அளக்கிறீங்க?” என்று கேட்டாள்.

“ரவிக்கை இல்ல, தங்கச்சி, கரண்டுக்கு” என்று மரத்தைப் பார்த்தே பதில் சொன்னார்.

ஒரு கை கெட்டிலிலும் மறு கை குழாயிலும் ஒரே சமயத்தில் படக்கூடாது. அதுதான் அவருடைய கணக்கு. கயிற்றை வைத்துப் பார்த்தால் குழாய் பக்கத்தில் இருந்தது. பிளக்கைத் தள்ளி வைப்பார் என்று பார்த்தால், தள்ளினால் மழைக்கோட்டைத் தாண்டுகிறது. ஆகவே குழாயை நகர்த்தச் சொன்னார். ஒரு கெட்டிலுக்காகத் தண்ணீர்க் குழாயையே நகர்த்துவதா என்று நான் முணுமுணுத்தேன். நகர்த்திய பிறகும் மனம் ஆறாமல், இன்னும் ஒரு சாண் தள்ளச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு என் மகளைக் காட்டினார். “பாப்பா வளந்து, அம்மாவைவிட உசரமா வாரான்.”

பிளக்குக்குக் கீழே, நிற்கும் இடத்தில், தெங்கேரா கடலோரத்திலிருந்து கொண்டுவந்த தடித்த பலகையொன்றை நாலு வெள்ளைப் பீங்கான் குமிழ்களின் மேல் நிறுத்தி வைத்தார். ஒரு விரல்கடை உயரம் தரையைவிட்டு எழும்பி நிற்கும். கெட்டிலைத் தொடுகிறவர்கள் அதன்மேல் ஏறித்தான் தொட வேண்டும். என் மகளுக்கு அது உடனே நாட்டிய மேடையாகிவிட்டது. வீட்டிலிருந்து அடுப்படிக்கு வரும் வயரைத் தலைக்கு மேலே உயரத்தில் கொண்டுவந்து, உள்ளே நுழையும் இடத்தில் தொட்டில்போல் ஒரு தொங்கல் விட்டிருந்தார். மழைநீர் வயரோடு வந்தாலும் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். அடுப்படி முழுவதையும் அணைக்கிற இரும்புச் சுவிட்சை அடுப்படியில் வைக்காமல், வீட்டுக்குள், பின்கதவுக்குப் பக்கத்தில் வைத்தார். எதுவாவது நடந்தால் நான் ஈரத்துக்குள் ஓடாமல் உள்ளேயிருந்தே அணைக்க வேண்டுமாம். “கெட்டில் பேசக் கூடாது, கிராணி. கை கூசினா, அது பேசுறான். உடனே அடைச்சிடு” என்று விரலை ஆட்டிச் சொன்னார்.

வேலை முடிந்த அன்று என்னை அடுப்படிச் சுவருக்குப் பின்னால் அழைத்துப் போனார். பண்டான் புதருக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் குழாயை ஆழமாக மண்ணில் அடித்து இறக்கி, நுனி மட்டும் வெளியே தெரியும்படி விட்டிருந்தார். சுவரிலிருந்து ஒரு பச்சை வயர் இறங்கிவந்து அதில் கட்டப்பட்டிருந்தது. அரிசி களைந்த தண்ணீரை என் மனைவி எங்கே கொட்டுவாள் என்று காலையில் அவர் கேட்டபோது, நான் அந்த இடத்தைத்தான் காட்டியிருந்தேன். இப்போது அவர் பச்சை வயரை ஒரு கன்றுக்குட்டியைத் தட்டுவதுபோலத் தட்டிக்கொடுத்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“இதுதானா, கிராணி.”

“ஆமாண்ணே, இதுதான்” என்றேன். இடத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “தானா!”

“இதேதான், அண்ணே.”

“தானா போச்சின்னா எல்லாம் போச்சி, கிராணி.” பொருள்கள் தாமாகவே பழுதாகிப் போனால் யார் என்ன செய்ய முடியும், அதுவும் உண்மைதான் என்று நான் தலையாட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் எல்லாவற்றையும் புரிந்துகொண்டேன் என்று அவருக்குச் சந்தோஷம். அவருடைய தமிழ் தேறிவிட்டது என்று எனக்கும். போகும்போது என் மனைவியிடம், “அரிசித் தண்ணி தினம் அந்தக் குழாய்ல ஊத்து, தங்கச்சி. குடிக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஆகஸ்டில் மெர்டேக்கா வந்தது. ஊரெங்கும் விளக்குத் தோரணம். அதைக் கட்டிய கைகளில் எங்கள் வயர்மேனுடையவையும் உண்டு. மரத்திலும் மாடியிலும் ஏறி இறங்கி, ஒரு மாதம் அவர் கண்ணில் படவே இல்லை. எங்கள் அடுப்படிக்கென்று மூன்று வர்ண பல்புகளை மட்டும் மகன் கையில் கொடுத்தனுப்பினார். சிவப்பு, மஞ்சள், நீலம். என் மகள் அவற்றின் கீழே பலகையில் நின்று, ரேடியோவோடு சேர்ந்து “மெர்டேக்கா!” என்று கத்தினாள். புகையில்லாமல் மூன்று மாதம் இருந்த நெஞ்சு. அவள் கத்தியது நாலு வீடு கேட்டது. இருமல் வரவில்லை. நான் கொல்லையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு வருஷக் கடைசியின் மழை பிடித்துக்கொண்டது. கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கியது. ஒரு சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து பார்க்கிறேன், மகள் வெறுங்காலோடு அந்த இரும்புக் குழாயைச் சுற்றிச் சுற்றித் தண்ணீரில் குதித்துக்கொண்டிருக்கிறாள்.  மின்சாரத்திலிருந்து வருகிற ஒரு வயர் நேராக ஈர மண்ணுக்குள் போகிறது. அதன் பக்கத்தில் என் பிள்ளை. அதன் தலையில் தினமும் தண்ணீரை வேறு ஊற்றிக்கொண்டிருக்கிறோம். மின்சாரமும் தண்ணீரும் சேரக்கூடாது என்று படித்தவன் நான். மனைவியிடம் இனி அங்கே ஊற்றாதே என்றேன்.

“ஊத்தச் சொன்னது அவரு. வேலை தெரிஞ்ச மனுசன்” என்றாள்.

“அவருக்கு என்ன, சொல்லிட்டுப் போயிட்டாரு. குதிக்கிறது என் பிள்ளை.”

“அப்போ அவரையே கேளுங்களேன். நாலு மிதி சைக்கிள் மிதிச்சா அவர் வீடு.”

கேட்டிருக்கலாம். படித்தவன் போய் ஒரு வயரைப் பற்றிக் கேட்பதா என்ற எண்ணம் உள்ளே இருந்திருக்கிறது, இப்போது ஒப்புக்கொள்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் கோயிலுக்குப் போன நேரத்தில் இரும்புச் சுவிட்சை அணைத்தேன். காலுக்கு ஆபீஸ் சப்பாத்தை மாட்டிக்கொண்டேன். செடி வெட்டும் கத்தரியின் பிடிகளில் துணியைச் சுற்றி, சுவரோரம் ஒரு வெட்டு, குழாயோரம் ஒரு வெட்டு. பச்சை வயர் கையோடு வந்தது. மறுபடி சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது, கெட்டில் கொதித்தது, ஒன்றும் குறையவில்லை. வேண்டாத வயர்தான் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? மகளை ஓர் ஆபத்திலிருந்து காப்பாற்றிவிட்ட நிறைவோடு, வயரைச் சுருட்டி, நாடா கட்டி, இழுப்பறையில் வைத்தேன். பண்டான் புதர் மறைத்துக்கொண்டதால் என் மனைவி கவனிக்கவில்லை. எனக்குத் தெரியாமல் அவள் தினமும் அரிசித் தண்ணீரை அங்கேயே ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள்.

போகிப் பண்டிகை அன்று காலை. மனைவி அடுப்படியைக் கழுவிவிட்டிருந்தாள். பலகையைத் தவிர மற்ற இடமெல்லாம் தண்ணீர். அவள் கொல்லைக் கோடியில் பழைய பாயை உதறிக்கொண்டிருந்தாள். நான் பின்கதவுக்குள், சுவரில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தேன். மகள் பலகைமேல் நின்று, கெட்டில் கொதிப்பதற்காகக் காத்திருந்தாள். அவளுடைய சிரிப்புச் சத்தம் கேட்டது.

“அப்பா, கெட்டில் கிச்சுகிச்சு மூட்டுது!”

என்ன சொல்கிறாள் என்று முதலில் புரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். புறங்கையைக் கெட்டிலின் வயிற்றில் வைப்பதும், எடுப்பதும், சிரிப்பதுமாக நின்றாள். “உள்ள எறும்பு ஊருற மாதிரி கூசுதுப்பா.” சொல்லிக்கொண்டே, ஒரு கையைக் கெட்டிலில் வைத்தபடி, மறு கையைக் குழாய்ப் பக்கம் நீட்டினாள். எட்டவில்லை. இன்னும் நீட்டினாள். எட்டவில்லை. எட்டுவதற்காக ஒரு காலைப் பலகையிலிருந்து எடுத்துக் கீழே இறக்கினாள்.

அந்தக் கால் இன்னும் என் கண்ணில் தொங்கிக்கொண்டிருக்கிறது. மருதாணி வைத்த ஐந்து சின்ன விரல்கள். அவற்றுக்குக் கீழே ஈரச் சிமெண்ட். நடுவில் ஒரு விரல்கடை. நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. மனுஷக் குரலாகவே இல்லை என்று மனைவி பிற்பாடு சொன்னாள். மகள் அப்படியே உறைந்தாள், கால் அந்தரத்தில். இரும்புச் சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அடித்தேன். பிறகு ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். சவர்க்கார நுரை அவள் கன்னமெல்லாம் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு ஒன்றும் இல்லை. நான் கத்தியதற்குத்தான் அழுதாள்.

முகத்தில் பாதி நுரையோடு சைக்கிளை மிதித்தேன். வயர்மேன் வீட்டில் அன்று அவர்களுடைய பார்ச்சு. மறைந்த முன்னோருக்கு வாழையிலையில் பிடித்ததெல்லாம் படைத்துக் கூப்பிடுகிற நாள். கெபாயா உடுத்திய பெண்கள் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் சாம்பிராணித் தட்டு. என் முகத்தைப் பார்த்தார். தட்டை மகனிடம் கொடுத்தார். “பாப்பா?” என்று ஒரே சொல் கேட்டார். “நல்லாயிருக்கா” என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு என் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவருடைய தாத்தாவும் பூட்டனும் அன்று அவருக்காகக் காத்திருந்திருக்க வேண்டும்.

கெட்டிலைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே சூடேறும் கம்பி பழசாகி உடைந்து, கெட்டிலின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதில் அவருக்கு ஆச்சரியம் இல்லை. பியூசைப் பார்த்தார், அது போகாமல் முழுசாக இருந்தது. அதில்தான் அவர் முகம் மாறியது. எழுந்து நேராகச் சுவருக்குப் பின்னால் போனார். நான் பின்னாலேயே போனேன். பண்டான் இலைகளை விலக்கினார். சுவரில் ஒரு பச்சை முனை, குழாயில் ஒரு பச்சை முனை, நடுவே ஒன்றுமில்லை.

“தானா புத்துஸ்” என்றார் மெதுவாக. புத்துஸ் என்றால் அறுந்தது. தானாகவே அறுந்துவிட்டது என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பொய் சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு எவனுக்கும் கிடைக்காது. ஆனால் அந்தத் தொங்கிய கால் கண்ணில் நின்றது.

“தானா இல்லண்ணே. நான்தான்” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. “தானா, கிராணி! இது தானா!” என்று குழாயைக் காட்டினார்.

“தானா அறுகலண்ணே. நான் வெட்டினேன். கத்தரியால.”

 அவர் குனிந்து, குழாயடியிலிருந்து ஒரு பிடி ஈர மண்ணை அள்ளி, என் கையை இழுத்து, உள்ளங்கையில் வைத்து மூடினார். “தானா. மண்ணு, கிராணி. தானா.”

தானா. மலாயில் மண். நிலம். ஆபீசில் நான் பிரிக்கிற ஒவ்வொரு பத்திரத்தின் தலையிலும் இருக்கிற சொல். ஒரு நாளைக்கு நூறு முறை என் கை எழுதும் சொல். அவர் எனக்காகத் தமிழில் பேசுகிறார் என்று நினைத்து, அந்தச் சொல்லையும் தமிழாகவே கேட்டேன். கெட்டிலில் கோளாறு வந்தால் மின்சாரத்தைப் பிள்ளையின் உடம்பு வழியாகப் போகவிடாமல், அந்தப் பச்சை வயர் மண்ணுக்குள் அழைத்துப் போயிருக்கும். அந்த வேகத்தில் பியூஸும் போய், கெட்டில் செத்த பாத்திரமாகியிருக்கும். மண் காயாமல் ஈரமாக இருந்தால்தான் மின்சாரம் நன்றாக உள்ளே இறங்கும், அதற்குத்தான் தினமும் அரிசித் தண்ணீர். வயர் இருந்திருந்தால் என் மகளுக்குக் கூசியே இருக்காது. அவர் ஐம்பது சொற்களில் அதைச் சொல்லி முடித்தபோது, நான் கொல்லைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கையில் இன்னும் மண் இருந்தது.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவி வந்தாள். “என்னண்ணே ஆச்சு? வயர் எப்படிப் போச்சு?”

வயர்மேன் என்னைப் பார்க்கவில்லை. புதிய வயரைப் பல்லால் உரித்துக்கொண்டே சொன்னார். “எலி, தங்கச்சி. திக்குஸ். பெரிய எலி.”

“எலியா? எவ்வளவு பெருசு?”

அவர் என் உயரத்தை ஒரு பார்வை பார்த்தார். “நல்ல பெருசு. சப்பாத்து போட்ட எலி.”

என் மனைவி மறுவாரமே தெங்கேராவிலிருந்து ஒரு பூனை கொண்டுவந்துவிட்டாள். அது எங்கள் அடுப்படியில் ஆறு வருஷம் தின்று கொழுத்தது. ஒரு பல்லியைக்கூடப் பிடித்ததில்லை. வயர்மேன் எங்கே என்னைப் பார்த்தாலும், கோயில் வாசலானாலும் சந்தையானாலும், “கிராணி, பெரிய எலி சௌக்கியமா?” என்று கேட்பார். பக்கத்தில் மனைவி நின்றால், “பூனை இருக்கில்ல, இப்ப வர்றதில்லண்ணே” என்று அவளே பதில் சொல்வாள். அவர் வானத்தைப் பார்த்துச் சிரிப்பார். வருஷா வருஷம் போகிக்கு முதல் நாள் வந்து, பச்சை வயரை இழுத்துப் பார்த்து, குழாயடி மண்ணை மிதித்துப் பார்த்து, ஒரு கோப்பை காப்பி குடித்துவிட்டுப் போவார். வரச் சொல்லி நாங்கள் கூப்பிட்டதில்லை.

நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது அவர் கரித்துண்டால் போட்ட கோட்டையும், கொய்யா மரத்தைப் பார்த்து நின்ற முதுகையும்தான். மிஞ்சிய அந்த ஒரு சாணை எதற்குத் தள்ளினார்? பச்சை வயர் இருக்கும்போது பலகை எதற்கு? பலகை இருக்கும்போது குழாயை ஏன் நகர்த்தினார்? நான் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் ஐம்பது சொற்களில் அதற்கு இடமிருந்திருக்காது. ஒருவர் மறப்பார், ஒருவர் தவறாகப் புரிந்துகொள்வார், ஒருவர் பயத்தில் கத்தரியை எடுப்பார் என்று அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த காலையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் மனைவி சமைப்பதை மட்டும் அவர் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நான் எப்படிப் பயப்படுகிறேன் என்பதையும் பார்த்திருக்கிறார்.

போன மாதம் அவரைக் கொண்டுபோன அன்று, திரும்பி வந்து குளித்த பிறகும் எனக்கு வீட்டுக்குள் உட்காரப் பிடிக்கவில்லை. பதினைந்து வயது மகள் பள்ளிச் சீருடையோடு பலகைமேல் நின்று, அதே கெட்டிலில், அவர் மாற்றிக்கொடுத்த புதுக் கம்பியில், எங்களுக்குத் தேநீர்த் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் அம்மாவைவிட உயரம். கை நீட்டினால் குழாய்க்கு ஒரு சாண் குறைகிறது. நான் இழுப்பறையைத் திறந்து, பச்சை வயரை எடுத்து வந்து, அரிசி களைந்துகொண்டிருந்த மனைவியின் முன்னால் வைத்தேன். “அது எலி இல்ல” என்றேன்.

அவள் நிமிரவில்லை. “தெரியும்” என்றாள்.

“எப்பத்திலிருந்து?”

“அந்தத் தைப்பூசத்துக்கே. பொத்தான் தேடி இழுப்பறையத் தொறந்தேன். எலி கடிச்சா துண்டு அங்கேயே கெடக்கும். சுருட்டி, ஆபீஸ் நாடா கட்டி, பத்திரமா எடுத்து வைக்குமா எலி?”

“அப்போ பூனை?”

“பூனை எனக்குப் புடிச்சிருந்துச்சு.” அரிசியை ஒரு முறை அலசினாள். “அன்னைக்கு மூஞ்சியில பாதி நுரையோட நீங்க சைக்கிள் எடுத்ததப் பாத்தேன். அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல? அந்த மனுசனே எலின்னு சொல்லி மூடிட்டாரு. நான் எதுக்குத் தெறக்கணும்?”

 பச்சை வயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை என்பதை அவளிடம் சொல்ல வேண்டியதே இல்லை. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். களைந்த அரிசித் தண்ணீரைச் செம்பில் ஊற்றி என் பக்கம் நீட்டினாள்.

“போங்க, தானாவுக்கு ஊத்திட்டு வாங்க. அதுக்குத் தானா ஊத்திக்கத் தெரியாது.”